அத்தியாயம் 6: வாட்டர் கலரில் கல்யாணப் பத்திரிகை

கல்யாணப் பத்திரிகையை நாம் வெறுமனே அனுப்புவதில்லை, வைக்கிறோம். குங்குமமும் வெற்றிலை பாக்கும் பழமும் சேர்த்துத் தட்டில் எடுத்துக்கொண்டு வீடு தேடிப் போய், பெரியவர்கள் முன் நின்று, "குடும்பத்தோட அவசியம் வரணும்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்குப் போகும். அடுத்தது தாய்மாமன் வீட்டுக்கோ தாத்தா பாட்டி கைக்கோ போகும். இப்படிக் கைக்குக் கை போகும் ஒரு தாளைக் கையாலேயே வரைந்து தருவதில் தனி நிறைவு உண்டு. வாங்குகிறவர் அதைத் தடவிப் பார்ப்பார், வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், பல வருஷம் பீரோவில் வைத்திருப்பார்.

முந்தைய அத்தியாயங்களில் வாஷ் போடவும் ஈரத்தின் மேல் ஈரமாக வண்ணம் வைக்கவும் பழகினீர்கள். இந்த அத்தியாயத்தில் அந்தப் பயிற்சியைக் கொண்டு 50 பத்திரிகைகள் செய்யப் போகிறோம். தனி ஓவியத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு ஒன்று இருக்கிறது. ஓவியத்தில் தாள் முழுவதும் உங்களுடையது. பத்திரிகையில் தாளின் உரிமையாளர் வாசகம்தான். யார், யாருக்கு, எந்த நாள், எந்த நேரம், எந்த மண்டபம் என்ற செய்திக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். மஞ்சள் வைக்கும் விரலுக்கும் இடம் விட வேண்டும். அதன்பிறகு மிஞ்சும் இடம்தான் வண்ணத்துக்கு. கீழே வரும் எல்லாக் குறிப்புகளும் இந்த முன்னுரிமையை ஒட்டியே அமைந்திருக்கின்றன.

எத்தனை, யாருக்கு

நம் ஊர்க் கல்யாணத்துக்கு 300, 500 பத்திரிகை அடிப்பது சாதாரணம். அத்தனையையும் கையால் வரைய முயல வேண்டாம். ஒரு பத்திரிகைக்கு 10 நிமிடம் என்று வைத்தாலும் 50 பத்திரிகைக்கு 500 நிமிடம், அதாவது எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. உலர விடும் நேரமும் தாள் கிழிக்கும் நேரமும் இந்தக் கணக்கில் சேரவில்லை. 500 பத்திரிகை என்றால் வரைவதற்கு மட்டுமே 80 மணி நேரத்தைத் தாண்டிவிடும். கடைசி நூற்றில் கை அலுத்துவிட்டதும் கோட்டிலேயே தெரியும்.

ஆகவே வீட்டாருடன் உட்கார்ந்து இரண்டு பட்டியல் எழுதுங்கள். நேரில் வைக்கப் போகும் முக்கியமான வீடுகள் முதல் பட்டியலில் வரட்டும், இவற்றுக்கு அசல். மற்றவர்களுக்கு அதே ஓவியத்தை ஸ்கேன் செய்து அச்சகத்தில் அடித்துக்கொள்ளலாம். அதே அளவில் அடிக்க 300 டிபிஐ போதும். பெரிதாக்கப் போவதாக இருந்தால் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனர் வெளிச்சத்தில் தாளின் மேடுபள்ளம் சாம்பல் நிழலாக விழும். வெள்ளை வெள்ளையாகவே இருக்கும்படி அதைத் திருத்திய பிறகுதான் கோப்பை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். பளீர் ரோஜாவும் ஊதாவும் நான்கு வண்ண அச்சில் மங்கலாகத்தான் வரும். வீட்டாருக்கு இதை முன்பே சொல்லிவிட்டு, ஒரு மாதிரி அடித்துப் பார்த்தபின் மொத்தமாக அடிக்கச் சொல்லுங்கள்.

வாசகம் முதலில்

பிரஷைத் தொடுவதற்கு முன்பு முழு வாசகத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள். தமிழ்க் கல்யாணப் பத்திரிகை நீளமானது. வருடம், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம், லக்னம், இன்ன நேரத்துக்கு மேல் இன்ன நேரத்துக்குள் முகூர்த்தம், இரு வீட்டுத் தாத்தா பாட்டி பெயர்கள், பெற்றோர், மணமக்களின் படிப்பு, மண்டபம், வரவேற்பு, கடைசியில் நல்வரவை விரும்பும் உற்றார் உறவினர் பெயர்கள் என்று அது வளர்ந்துகொண்டே போகும். இவற்றில் எதையும் வெட்டச் சொல்ல நமக்கு உரிமை கிடையாது. பெயர் விட்டுப்போனால் மனஸ்தாபம் தலைமுறைக்கும் நிற்கும்.

அதனால் பத்திரிகையை இரண்டு தாளாகப் பிரித்துவிடுவது நல்லது. வரைந்த தடித்த அட்டையில் பிள்ளையார் சுழி, மணமக்கள் பெயர், நாள், இடம் ஆகியவை மட்டும் இருக்கட்டும். முழு வாசகமும் மெல்லிய உள்தாளில் அச்சாகட்டும். வரைந்த அட்டையைச் சட்டம் போட்டு வைத்துக்கொள்ளவும் இது வசதி.

5 அங்குலம் அகலம், 7 அங்குலம் உயரம் உள்ள அட்டைக்கு ஒரு நல்ல பங்கீடு சொல்கிறேன். மேலே 2 செ.மீ. பிள்ளையார் சுழிக்கு. அதன்கீழ் 5 செ.மீ. ஓவியத்துக்கு. மீதி சுமார் 10.8 செ.மீ. சொல்லுக்கு. தேவாலயத் திருமணத்திலும் நிக்காஹ் பத்திரிகையிலும் மேலே வரும் சொற்கள் வேறு. அந்த இடத்தை முன்கூட்டியே விட்டுவைக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றுதான்.

எழுத்தைப் பதிக்க மூன்று வழிகள் உண்டு.

லேசர் பிரிண்டர்: வழவழப்பான, 200 கிராமுக்கு மேற்படாத தாளுக்கு ஏற்றது. டோனர் தண்ணீரில் கரையாது என்பதால் முதலில் அடித்துவிட்டுப் பிறகு வரையலாம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரின் மை பெரும்பாலும் சாய மை. ஈர பிரஷ் பட்டதும் ஓடும். சொரசொரப்பான 300 கிராம் தாள் பல பிரிண்டர்களில் நுழையாது. நுழைந்தாலும் டோனர் பள்ளங்களில் சரியாக ஒட்டாது.

ஸ்கிரீன் பிரிண்டிங்: தடித்த தாளுக்கும் கைக்காகிதத்துக்கும் இதுவே சிறந்தது. ஒரே வண்ணத்தில் அடர்த்தியாகப் பதியும். சிறிய ஊர்களிலும் செய்து தருகிறார்கள். வரையும்போது சில அட்டைகள் வீணாகும் என்பதால் 10 அதிகமாக அடித்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து: பெயர்களை மட்டும் எழுத ஏற்றது. தொட்டு எழுதும் பேனாவும் உலர்ந்தபின் கரையாத மையும் வேண்டும். தமிழுக்கு முனை உருண்ட நிப் எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக வெட்டிய பட்டை நிப்பில் ண, ஐ போன்ற சுழிகள் அடைந்துபோகும். இகர, ஈகாரக் குறிகளும் புள்ளியும் மேலே ஏறும். உகர, ஊகார வால்கள் கீழே இறங்கும். அதனால் எழுத்தின் உடல் 8 மி.மீ. உயரம் என்றால் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் குறைந்தது இன்னொரு 8 மி.மீ. விடுங்கள்.

சுபகாரியப் பத்திரிகையில் கறுப்பு வேண்டாம் என்று சொல்லும் வீடுகள் பல. மெரூன், கரும்பச்சை, அடர் நீலம் மூன்றும் கண்ணாடி போட்ட பெரியவர்களுக்கும் தெளிவாகத் தெரியும். பொன்நிற எழுத்து வெள்ளைத் தாளில் கண்ணுக்கு அழகு, படிக்கச் சிரமம். பொன்னைப் பிள்ளையார் சுழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தாள்

வாட்டர் கலர் தாளை ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடையால் அளக்கிறார்கள். பத்திரிகை அட்டைக்கு 300 கிராம் சரியான தடிமன். ஈரம் பட்டாலும் அதிகம் நெளியாது. பரப்பில் மூன்று வகை உண்டு. சூடாக அழுத்திய தாள் வழவழப்பானது. எழுத்துக்கும் நுட்பமான கோட்டுக்கும் நல்லது. குளிராக அழுத்தியது மிதமான சொரசொரப்பு உள்ளது, வாஷுக்கு அழகு. மூன்றாவது முரட்டுத் தாள்; அதில் எழுத்து உடைந்துபோகும் என்பதால் பத்திரிகைக்கு வேண்டாம். முழுப் பருத்தித் தாள் விலை கூடியதுதான். ஆனால் மரக்கூழ்த் தாளைவிட வண்ணத்தைச் சீராக வாங்கும். வருஷங்கள் போனாலும் எளிதில் பழுப்பேறாது.

நம் நாட்டுக் கைக்காகிதத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் கைக்காகிதத்துக்குப் புத்துயிர் கொடுத்தது. அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. ஜெய்ப்பூரை அடுத்த சாங்கானேரில் உள்ள தேசியக் கைக்காகித நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கைக்காகிதக் கூடம் 1959 முதல் இயங்குகிறது. பனியன் கம்பெனிகளில் மிஞ்சும் பருத்தி வெட்டுத்துணி இந்தத் தாள்களின் முக்கிய மூலப்பொருள். மரம் வெட்டாமல் செய்யும் தாள், ஓரம் பிசிறு பிசிறாக இயற்கையாக அமைந்த தாள். பத்திரிகைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது.

ஆனால் கைக்காகிதம் என்று விற்பதெல்லாம் வாட்டர் கலருக்கு ஆகாது. தாள் தண்ணீரை உடனே உறிஞ்சாமல் இருக்க அதற்குப் பசையேற்றம் வேண்டும். பூவிதழ் பதித்த அலங்காரத் தாள்கள் பலவற்றில் அது போதுமான அளவு இருக்காது. சோதிக்கும் வழி எளிது. ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். முத்தாக நின்று மெல்ல உள்ளிறங்கினால் நல்ல தாள். சில நொடிகளில் பரவிக் கறையாகிவிட்டால் அதில் வண்ணமும் அப்படியே பரவும். அதை உள்தாளுக்கோ கவருக்கோ வைத்துக்கொள்ளுங்கள். பசையேற்றத்துக்கு ஜெலட்டின் பயன்படுத்தும் ஆலைகள் உண்டு. அது விலங்கிலிருந்து எடுக்கப்படுவது. சைவம் பார்க்கும் வீடுகளுக்குச் செய்யும்போது வாங்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்வது மரியாதை.

இனி அளவுக் கணக்கு. முழுத் தாள் 22 அங்குலம், 30 அங்குலம். 22-ஐ ஏழு ஏழாக மூன்று பங்கும், 30-ஐ ஐந்து ஐந்தாக ஆறு பங்கும் பிரித்தால் ஒரு தாளில் 18 அட்டைகள். மூன்று தாளில் 54 வரும். ஆனால் நான்கு வாங்குங்கள். ஒத்திகைக்கும் வீணாவதற்கும் ஒரு தாள் வேண்டும். ஒவ்வொரு தாளிலும் மிஞ்சும் ஒரு அங்குலப் பட்டையையும் எறியாதீர்கள். அதற்கும் வேலை இருக்கிறது.

தாளைக் கத்தரிக்காமல் கிழித்தால் ஓரம் மென்மையாக இருக்கும். இரும்பு ஸ்கேலை வைத்து, கிழிக்கும் கோட்டின்மேல் ஈர பிரஷை இருமுறை ஓட்டி, அரை நிமிடம் விட்டு, ஸ்கேலை அழுத்திப் பிடித்தபடி தாளை மெல்ல உங்கள் பக்கம் இழுங்கள்.

வண்ணமும் பிரஷும்

பத்திரிகை பல வருஷம் இருக்கப் போகிறது. எனவே வெளுத்துப்போகாத வண்ணம் வேண்டும். டியூபின் பின்பக்கம் நிறமிக் குறியீடு இருக்கும். கடைக்காரரிடம் கேட்பதைவிட அதைப் படிப்பது நம்பகமானது. பி.ஆர். 83 என்றிருக்கும் அலிஸரின் கிரிம்சன் வெளிச்சத்தில் வெளுக்கும். அதற்குப் பதிலாகப் பி.வி. 19 என்ற குவினாக்ரிடோன் ரோஸ் வாங்குங்கள். ஒளிரும் பிங்க் வகைகளும் நிற்காது. இயற்கை வண்ணம் என்று ஆசைப்பட்டு மஞ்சள் பொடியைக் கரைத்து வரைபவர்கள் உண்டு; அந்த நிறம் வெளிச்சத்தில் சீக்கிரமே போய்விடும்.

ஐந்து டியூப் போதும்: குவினாக்ரிடோன் ரோஸ், ஒரு நல்ல மஞ்சள், அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் சியன்னா, இரும்பு ஆக்சைடு சிவப்பு. பச்சையை நீலமும் மஞ்சளும் கலந்து எடுங்கள்; அதில் துளி பர்ன்ட் சியன்னா சேர்த்தால் நம் ஊர் இலையின் பச்சை வரும். அல்ட்ராமரினோடு பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் அருமையான சாம்பல் கிடைக்கும். கறுப்பு டியூப் வாங்கவே வேண்டாம். பிரஷ்களில் உருண்டை 8, உருண்டை 3, கோடு இழுக்க ஒரு நீள முடி பிரஷ், ஒரு அங்குலப் பட்டை பிரஷ் ஒன்று.

எதை வரைவது

50 முறை வரையக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். மூன்றே படியில் முடியாத ஓவியத்தைப் பத்திரிகைக்கு எடுக்காதீர்கள். ஒவ்வொன்றும் அச்சாக மற்றொன்றைப் போலவே இருக்கத் தேவையில்லை. ஒரே அம்மாவின் பிள்ளைகளைப் போலச் சாயல் ஒத்திருந்தால் போதும். பிரஷின் ஒரே அசைவில் பிறக்கும் உருவங்கள் இதற்கு மிகப் பொருத்தம். மூன்றை இங்கே விவரிக்கிறேன்.

*மாவிலைத் தோரணம்.* இரு பக்க ஓரத்திலும் 2 செ.மீ. விட்டு, நடுவில் சற்றே தொய்ந்த கயிற்றை நீள முடி பிரஷால் இழுங்கள். உலரட்டும். 8 எண் பிரஷை வண்ணத்தில் நன்றாக நனைத்து, நுனியால் தொட்டு, அழுத்தி, கீழே இழுத்துக்கொண்டே மெல்லத் தூக்குங்கள். ஒரு வீச்சு, ஒரு இலை. 7 இலைகள் போதும், ஒற்றைப்படையாக இருக்கட்டும். நடுவிலிருந்து தொடங்கி இருபுறமும் போனால் இடைவெளி சரியாக அமையும். இலை ஈரமாக இருக்கும்போதே நுனியில் பர்ன்ட் சியன்னா ஒரு துளி தொட்டு வையுங்கள். அது தானே பச்சைக்குள் ஏறி, இளந்தளிரின் செம்பு நிறமாகிவிடும். உலர்ந்தபின் நடுநரம்பை 3 எண் பிரஷால் ஒரு கோடாக இழுத்தால் வேலை முடிந்தது. முதன்முறை செய்பவர்கள் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

*மல்லிகைச் சரம்.* வெள்ளைத் தாளில் வெள்ளைப் பூ. பூவை வரையாமல் அதைச் சுற்றியிருப்பதை வரைய வேண்டும். இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துக் கட்டிய மொட்டுகளின் இடத்தைப் பென்சிலால் மிக மெல்லியதாகக் குறியுங்கள். நிறைய நீர் சேர்த்த சாம்பலால் மொட்டின் ஒரு பக்கம் மட்டும் நிழல் கொடுங்கள். காம்புக்குப் பச்சையில் ஒரு புள்ளி. சரத்தின் பின்னால் வெளிர் பச்சை வாஷ் ஓடினால் மொட்டுகள் தாமாகவே முன்னால் வந்து நிற்கும். இடையிடையே கனகாம்பரம் வைத்தால் அந்த ஆரஞ்சு முழுச் சரத்துக்கும் உயிர் கொடுக்கும்.

*காவிக் கோலம்.* மூன்றிலும் சிரமமானது, மூன்றிலும் அழகானது. வண்ணம் ஏறாமல் தடுக்கும் மாஸ்கிங் ஃப்ளூயிட் வேண்டும். அதைத் தொட்டு எழுதும் நிப்பால், புள்ளி வைத்து ஒரு சிறிய சிக்குக் கோலத்தைத் தாளில் போடுங்கள். நல்ல பிரஷை அதில் விடவே கூடாது. உலர்ந்தால் பிரஷ் போயிற்று. கோலம் முழுக்க உலர்ந்ததும் இரும்பு ஆக்சைடு சிவப்பைப் பட்டை பிரஷால் அதன்மேல் ஒரே வாஷாக ஓட்டுங்கள். வாஷ் உலர்ந்து தாள் குளிர்ச்சி விட்டபின், சுத்தமான விரலால் தேய்த்துத் தடுப்பை உரித்தெடுங்கள். செம்மண் மெழுகிய வாசலில் மாக்கோலம் போல வெள்ளைக் கோடுகள் வெளிவரும். ஹேர் டிரையர் வைத்து உலர்த்தாதீர்கள். சூட்டில் தடுப்பு தாளோடு ஒட்டிவிடும். பல நாள் அப்படியே விடுவதும் கூடாது. பசையேற்றம் குறைந்த தாள் இதில் உரிந்துவரும் என்பதால் ஒரு துண்டில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஐம்பதையும் ஒன்றாகச் செய்வது

ஒரு அட்டையை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கும் முறை இங்கே உதவாது. ஒரே படியை எல்லா அட்டையிலும் செய்துவிட்டு, பிறகு அடுத்த படிக்கு வாருங்கள். கயிறு என்றால் 50-லும் கயிறு. பிறகு 50-லும் இலை. கை ஒரே அசைவில் பழகிவிடும். கடைசி அட்டைக்கு வரும்போது முதல் அட்டை உலர்ந்திருக்கும்.

வண்ணத்தைத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்காதீர்கள். அதே பச்சை மறுபடி வராது. மூடியுள்ள சிறு கண்ணாடிப் புட்டியில் முழு வேலைக்கும் போதுமான அளவை ஒரே தடவையில் கலந்து, ஒத்திகைத் துண்டில் பூசி, உலர்ந்தபின் நிறத்தைப் பாருங்கள். வாட்டர் கலர் உலர்ந்தால் வெளிறும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் அடியில் தங்கும் நிறமிகள். ஒவ்வொரு அட்டைக்கு முன்னும் புட்டியை பிரஷால் கலக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் பத்து வெளிறியும் கடைசிப் பத்து அடர்ந்தும் இருக்கும்.

நன்றாக வந்த முதல் அட்டையைக் கண்ணெதிரே நிறுத்திவைத்து வரையுங்கள். இருபதாவது அட்டைக்குள் இலைகள் அறியாமலே பெரிதாகிக்கொண்டு போகும். மாதிரியைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கை அளவுக்குத் திரும்பும்.

அட்டைகள் நெளிந்திருந்தால், முழுக்க உலர்ந்த பின்பு பின்பக்கத்தில் மட்டும் மெல்லிய நீர்த்திவலை தெளித்து, ஒற்றுத்தாள்களுக்கு இடையில் அடுக்கி, மேலே கனமான புத்தகங்களை வைத்து ஓர் இரவு விடுங்கள். கோலத்தின் தடுப்பை உரித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும்.

வெயிலும் மழையும்

வெளிநாட்டு வாட்டர் கலர் புத்தகங்கள் சொல்லும் உலரும் நேரம் நம் ஊருக்குப் பொருந்தாது. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் இல்லாததால் நம் பத்திரிகை வேலை இரண்டு பருவங்களில் குவியும்.

தை முகூர்த்தத்துக்கான பத்திரிகை ஐப்பசி, கார்த்திகையில் தயாராக வேண்டும். வடகிழக்குப் பருவமழைக் காலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வாஷ் உலர மணிக்கணக்கில் ஆகும். தாளை மூடி வைத்தால் பூசணம் பிடிக்கும். பசையேற்றத்தில் பூசணம் விழுந்த தாளில் வண்ணம் வைத்தால் புள்ளி புள்ளியாக அழுந்தி உறிஞ்சும். அதைச் சரிசெய்ய வழியில்லை. எனவே தாளைப் பிளாஸ்டிக் உறையில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைத்து, தேவையான அளவு மட்டும் வெளியே எடுங்கள். வரைந்த அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடலாம்.

சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான வேலை பங்குனி வெயிலில் நடக்கும். சிக்கல் நேரெதிராக மாறும். பிரஷ் அட்டையின் அந்தப் பக்கம் போவதற்குள் இந்தப் பக்கம் உலர்ந்து கோடு விழும். காலை எட்டு மணிக்குள் வாஷ் வேலையை முடித்துவிடுங்கள். வாஷ் போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். தாளை முன்பே சுத்தமான நீரால் நனைத்துவிட்டு வண்ணம் வைத்தால் இன்னும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். நெற்றி வியர்வை ஒரு சொட்டு விழுந்தாலும் வாஷில் பூப்பூத்துவிடும். தோளில் ஒரு துண்டு இருக்கட்டும்.

மஞ்சள் வைக்கும் மூலை

பத்திரிகை தயாரானதும் வீட்டுப் பெரியவர்கள் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். குழைத்த மஞ்சளின் ஈரம் பட்டால் உலர்ந்த வாட்டர் கலர் மறுபடி கரையும். எனவே நான்கு மூலையிலும் 2 செ.மீ. அளவுக்கு எதுவும் வரையாதீர்கள். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, விரல் நுனியால் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். தடவிய அட்டைகளை அரை மணி நேரமாவது பரப்பி வைத்து, உலர்ந்தபின் கவரில் போடுங்கள். இல்லாவிட்டால் உள்தாளிலும் கவரிலும் மஞ்சள் ஏறும்.

இந்த மூலைகள் வடிவமைப்புக்கு இடைஞ்சலாகத் தோன்றலாம். ஆனால் வீட்டார் கை வைத்த பிறகே பத்திரிகை முழுமையடைகிறது. அவர்களுக்கான இடத்தை நாம் தொடக்கத்திலேயே விட்டுவிட்டால், மஞ்சள் பட்ட பின் அட்டை இன்னும் நன்றாக இருக்கும்.

கவரும் தபாலும்

கவரை அட்டையைவிட நாலா பக்கமும் சுமார் 3 மி.மீ. பெரிதாகச் செய்யுங்கள். முன்பக்கத்தில் பெயரும் முகவரியும் தெளிவாக இருக்க வேண்டும். ஓவியம் வேண்டுமானால் பின்பக்க மடிப்பில் ஒரு சிறு தளிர் போதும். முகவரியை நீரில் கரையாத மையில்தான் எழுத வேண்டும். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டைத் தனித்தனி எண்ணாகத் தெளிவாக எழுதுங்கள்.

வெளியூருக்குப் போகும் பத்திரிகைகளின் எடையைப் பாருங்கள். இந்திய அஞ்சலில் கடிதத்தின் முதல் கட்டணப் படி 20 கிராம் வரை. 300 கிராம் தாளில் 5-க்கு 7 அட்டை சுமார் 7 கிராம். 120 கிராம் உள்தாள் சுமார் 3 கிராம். அதே தாளில் செய்த கவர் சுமார் 7 கிராம். மொத்தம் 17. பட்டுக் குஞ்சமோ அரக்கு முத்திரையோ சேர்த்தால் 20-ஐத் தாண்டிவிடக்கூடும். அரக்கு முத்திரை தபால் பையில் நொறுங்கும் என்பதால் நேரில் வைக்கும் பத்திரிகைக்கு மட்டும் அது போதும். சமையலறைத் தராசில் ஒன்றை நிறுத்துப் பார்த்துவிட்டு அஞ்சல்தலை வாங்குங்கள்.

மிச்சத் தாளில்

மிஞ்சிய ஒரு அங்குலப் பட்டைகளை 3 அங்குல நீளத் துண்டுகளாக்கினால் ஒரு பட்டையில் பத்து வரும். ஒவ்வொன்றிலும் ஒரு மாவிலை வரைந்து துளையிட்டு நூல் கோத்தால் தாம்பூலப் பைக்கு அழகான அட்டை கிடைக்கும். ஒத்திகைத் தாளில் மிஞ்சியதை அஞ்சல் அட்டை அளவில் கிழித்து நன்றி அட்டைகள் செய்யலாம். பரிசும் ஆசியும் தந்தவர்களுக்கு மணமக்கள் தங்கள் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பட்டும்.

மணமக்களுக்குக் கடிதத்தாளும் செய்து தர விரும்பினால் 120 முதல் 160 கிராம் வரையிலான வழவழப்பான தாள் எடுங்கள். மெல்லிய தாள் ஈரத்தில் நெளியும். ஆகவே முழு வாஷ் வேண்டாம். பிரஷின் நீரைத் துணியில் ஒற்றியெடுத்துவிட்டு, மேல் ஓரத்தில் ஒரு கொத்து இலையோடு நிறுத்துங்கள். எழுதப் போகும் பேனா ஓடுமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தபின் கொடுங்கள்.

நாள் கணக்கு

முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் முன்பு: பட்டியல், வாசகம், தாள் வாங்குதல், தண்ணீர்ச் சோதனை.

இரண்டரை மாதம் முன்பு: மூன்று மாதிரிகள் வரைந்து வீட்டாருக்குக் காட்டுதல். பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் ஓவியத்தைக் குறைத்து எழுத்தைப் பெரிதாக்குங்கள்.

இரண்டு மாதம் முன்பு: வாசகத்தை இரு வீட்டாரிடமும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்து ஒப்புதல் வாங்குதல், அச்சு, தாள் கிழித்தல்.

ஏழு வாரம் முன்பு: வரையும் வேலை. ஒரு நாளில் ஒரு படிக்கு மேல் வேண்டாம்.

ஆறு வாரம் முன்பு: தட்டையாக்குதல், உள்தாள் சேர்த்தல், கவர், வீட்டாரிடம் ஒப்படைத்தல். மஞ்சள் வைத்து நல்ல நாள் பார்த்துக் கொடுக்கத் தொடங்க அவர்களுக்குப் போதுமான நேரம் இருக்கும்.

ஒப்படைக்கும்போது முகவரி எழுதாத இரண்டு பத்திரிகைகளைத் தனியே எடுத்து மணமக்களிடம் கொடுங்கள். லேமினேஷன் செய்ய வேண்டாம், நேர் வெயில் படாத சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டலாம் என்று சொல்லுங்கள். இன்னும் ஒன்றை உங்களுக்கென வைத்துக்கொண்டு, தாளின் பெயர், நிறமிக் குறியீடுகள், கலந்த விகிதம், ஒவ்வொரு படிக்கும் ஆன நேரம் ஆகியவற்றை அதன் பின்பக்கம் பென்சிலால் எழுதிவையுங்கள். அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கேட்டு வருகிறவர்களிடம் எத்தனை நாள் ஆகும், என்ன செலவாகும் என்று நேர்மையாகச் சொல்ல அந்தக் குறிப்பு போதும்.